கேக் வரிசை: கடலோர 4ஜி லைனுக்கு இது சரிவருமா?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் எட்டு அறை கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் சீசன் நாளில் இரவு எட்டரைக்கு நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். புறாத்தீவுக்குப் போய்வந்த ஒருவர் பகல் முழுக்க எடுத்த வீடியோக்களை மேலே ஏற்றத் தொடங்குவார். பக்கத்து அறையில் வீட்டாரோடு வீடியோ கோலில் கதைப்பவரின் முகம் உறைந்து நிற்கும். வைஃபை வேலை செய்யவில்லை என்று ஆள் இறங்கி வருவார். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 40 மெகாபிட் காட்டும். முதலாளி இன்னும் பெரிய பக்கேஜுக்கு மாறுவார். அடுத்த சனிக்கிழமையும் அதே முறைப்பாடு.

கோளாறு இருப்பது வரிசையில். இணையத்தில் எதுவும் பொதி எனப்படும் சிறு தரவுத் துண்டுகளாகத்தான் போகும். டவரில் இடம் கிடைக்கும்வரை 4ஜி மோடம் பொதிகளைத் தனக்குள் அடுக்கி வைத்திருக்கும். அரை மெகாபைட் அடுக்குகிறது, அப்லோட் வேகம் 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 500 கிலோபைட்டை எட்டால் பெருக்கினால் 4,000 கிலோபிட். ஒரு செக்கனில் போவதும் அதே 4,000 கிலோபிட்தான். அதாவது கதைப்பவரின் குரல், படம் ஏற்றுபவரின் பொதிகளுக்குப் பின்னால் முழுதாக ஒரு செக்கன் காத்து நிற்கிறது. இங்கிருந்து கொழும்பு, ரோட்டால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி அந்தத் தூரத்தை ஒன்றரை மில்லிசெக்கனுக்குள் ஓடிவிடும். நம் பொதிக்கு வீட்டுப் படி இறங்கவே ஒரு செக்கன். பக்கேஜைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் டவுன்லோட் எண்தான் ஏறும், இந்த வரிசை அப்படியே இருக்கும்.

இதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில், நெட்வொர்க் பகுதியில் உள்ள மருந்தின் பெயர் கேக் (CAKE). வருடக்கணக்கில் கர்னலுக்கு வெளியே தனியாக வளர்ந்து, பலமுறை திருத்தி அனுப்பப்பட்ட பிறகு, 2018இல் 4.19 பதிப்போடு உள்ளே வந்தது. ரவுட்டர்களுக்கான லினக்ஸ் மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) இதைச் சில கிளிக்குகளில் போடக்கூடியதாகத் தருகிறது. காசு எதுவும் இல்லை. ஆனால் இந்த ஊர் லைன்களில் இதை அப்படியே போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. அதனால்தான் இந்த விமர்சனம் கொஞ்சம் நீளம்.

முதலில் உள்ளே நடப்பது. கேக் மூன்று வேலையைச் சேர்த்துச் செய்கிறது. ஒன்று, நாம் சொன்ன வேகத்துக்கு மேல் ஒரு பொதியையும் வெளியே விடாது. அதனால் வரிசை மோடத்தின் வயிற்றில் சேராமல் நம் ரவுட்டரில் சேருகிறது. இரண்டு, சேரும் வரிசையை இணைப்புவாரியாகப் பிரித்து முறைவைத்து விடுகிறது. மூன்று, எந்தப் பிரிவிலாவது பொதிகள் 5 மில்லிசெக்கனுக்கு மேல் நிற்கும் நிலை 100 மில்லிசெக்கன் வரை நீடித்தால் பொதிகளைத் தட்டிவிட ஆரம்பிக்கும். அனுப்புகிற போன் அதைக் கண்டு தானாகவே வேகத்தைக் குறைக்கும். இந்த மூன்றாவது யோசனை, நெட்வொர்க் ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறையிலிருந்து வந்தது.

அந்த 5 மில்லிசெக்கன் எல்லா லைனுக்கும் பொருந்தாது என்பதைக் கேக் தானாகவே கவனிப்பது நல்ல விஷயம். 1 மெகாபிட் லைனில் 1,514 பைட் பொதி ஒன்று வெளியேறவே 12 மில்லிசெக்கன் ஆகும். அங்கே 5 மில்லிசெக்கன் இலக்கு வைத்தால் தனியாக நிற்கும் பொதியைக்கூடக் குற்றவாளி ஆக்க வேண்டிவரும். அதனால் இலக்கை ஒன்றரைப் பொதி போகும் நேரத்துக்கு உயர்த்திக்கொள்ளும். 1 மெகாபிட் கொடுத்துவிட்டுப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் இலக்கு என்ற வரியில் 18.2 மில்லிசெக்கன் நிற்கும். 4 மெகாபிட்டில் ஒன்றரைப் பொதிக்கு நாலரை மில்லிசெக்கன்தான், ஆகவே 5 அப்படியே இருக்கும். தெரியாமல் கையால் மாற்றிக் கெடுக்க இங்கே ஒன்றும் இல்லை. எந்தப் பொதிக்கு முன்னுரிமை என்று கையால் எழுதும் பழைய க்யூஓஎஸ் ஸ்கிரிப்டுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கெஸ்ட் ஹவுஸுக்கு இதைவிட முக்கியமானது ஆள்வாரியான பங்கீடு. ஒரு போன் படம் ஏற்ற 20 இணைப்புகளைத் திறக்கும். கோலில் இருப்பவருக்கு ஒன்றே ஒன்று. இணைப்புவாரியாக மட்டும் பங்கிட்டால் முதல் ஆளுக்கு 20 பங்கு, மற்றவருக்கு ஒரு பங்கு. முதலில் கருவிவாரியாகப் பிரித்து, பிறகு அந்தக் கருவிக்குள் இணைப்புவாரியாகப் பிரித்தால்தான் நியாயம். கேக் இதைச் செய்யும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வெளியே போகும் பொதி கேக்கின் கைக்கு வரும்போது ரவுட்டர் ஏற்கெனவே முகவரியை மாற்றிவிட்டிருக்கும். எட்டு அறையின் பொதிகளுக்கும் ஒரே முகவரி. யார் யாருடையது என்று தெரியாது.

இந்த முகவரி மாற்றத்துக்கு நேட் என்று பெயர். கேக்கிலும் அதே பெயரில் ஒரு விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டால் கேக், கர்னலின் இணைப்புப் பதிவேட்டில் தேடி உண்மையான முகவரியை எடுக்கும். கேக்கின் கோட் கர்னலுக்குள் வந்தபோது திருத்தப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. கேக் அந்தப் பதிவேட்டின் செயற்கூறுகளை நேரடியாக அழைத்தால், நேட் தேவையில்லாத கணினியில்கூடக் கேக்கை ஏற்றும்போது பதிவேடு முழுதும் கூடவே ஏற வேண்டிவரும். அதனால் அந்தப் பதிவேடு இருக்கும் கர்னல் பகுதியான நெட்ஃபில்டர் பக்கத்தில் சின்ன இடைவாசல் ஒன்று சேர்க்கப்பட்டது: பதிவேடு இருந்தால் பதில் வரும், இல்லாவிட்டால் இல்லை என்று வரும். பார்க்கச் சின்னத் திருத்தம். 128 மெகாபைட் நினைவகத்தில் ஓடும் ரவுட்டருக்கு இப்படியான கவனம்தான் சோறு போடுகிறது.

இந்தப் பங்கீடு பலிக்காமல் போகும் வழி ஒன்றை ஊரில் பரவலாகக் காணலாம். மாடிக்கு வைஃபை எட்டாது என்று இன்னொரு ரவுட்டரை வாங்கி, வந்தபடியே குத்திவிடுவார்கள். அது தன் பங்குக்கு முகவரியை மாற்றும். மாடியில் உள்ள ஐந்து அறையும் கேக்கின் கண்ணுக்கு ஒரே கருவி, ஐந்து அறைக்கும் சேர்த்து ஒரே பங்கு. மாடி ரவுட்டரை, வைஃபை மட்டும் தரும் அக்சஸ் பொயின்ட் முறைக்கு மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபியை நிறுத்தி, வயரை லேன் (வீட்டுப் பக்க) துளையில் குத்த வேண்டும். இதைவிட மோசமானது, கொம்பனி தந்த 4ஜி பெட்டியின் வைஃபையை அணைக்காமல் விடுவது. அதில் ஒட்டிக்கொண்ட ஒரே ஒரு போன் கேக்கைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய், எல்லோரின் வரிசையையும் நிரப்பிவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கட்டும். வைஃபை அதிலிருந்தும் அதற்குக் கீழிருந்தும் மட்டும் வரட்டும்.

ரவுட்டர் எது? 16 மெகாபைட் ஃபிளாஷ், 128 மெகாபைட் நினைவகம், இதற்குக் கீழே இறங்க வேண்டாம். 8க்கு 64 உள்ள பழையவை மலிவாகக் கிடைக்கும், ஆனால் புதிய பதிப்புகள் அவற்றில் திணறும். வாங்கும் முன் அடியில் உள்ள ஸ்டிக்கரில் வேர்ஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே பெயர் மாடலுக்குள் வேர்ஷன் 1க்கும் 4க்கும் சிப்பே வேறாக இருக்கும், ஒன்றில் ஏறுவது மற்றதில் ஏறாது. எம்டி7621 சிப் உள்ள ஒன்று போதும். கேக்கின் வேகக் கட்டுப்பாடு மின்சாரம் தின்பதில்லை, சிபியு தின்கிறது. அந்தச் சிப் 100 மெகாபிட் லைனைத் தாங்கும், 4ஜிக்கு அதுவே தாராளம். ஹார்ட்வெயார் ஃப்ளோ ஒஃப்லோடிங் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் பொதிகள் கர்னலின் வரிசைக்கே வராமல் சிப்பின் குறுக்குவழியால் போய்விடும். கேக் ஓடுவதாகக் காட்டும், ஒன்றும் செய்யாது. கேக்கைப் போட்டேன், வித்தியாசம் இல்லை என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

போடும் முறை. சிஸ்டம், சொஃப்ட்வெயார் பக்கத்தில் பட்டியலைப் புதுப்பித்து, லூசி-ஆப்-எஸ்க்யூஎம் (luci-app-sqm) என்ற மென்பொருளை நிறுவுங்கள்; கேக்கை இயக்குவது இதுதான். நெட்வொர்க் மெனுவில் எஸ்க்யூஎம் க்யூஓஎஸ் தோன்றும். இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் வேன் (WAN) பக்கத்தை, அதாவது இணையம் வரும் பக்கத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். தவறி லேன் பக்கத்தைத் தெரிவுசெய்தால் டவுன்லோடும் அப்லோடும் தலைகீழாகும். 40 மெகாபிட் வர வேண்டிய இடத்தில் 3 வரும். எண்கள் கிலோபிட்டில். 4 மெகாபிட்டுக்கு 4 என்று அடித்தால் லைன் செத்த மாதிரி இருக்கும், 4000 அடிக்க வேண்டும். பூச்சியம் என்றால் அந்தத் திசையில் கட்டுப்பாடே இல்லை என்று பொருள்.

அடுத்த தாவலில் வரிசைமுறைக்குக் கேக், ஸ்கிரிப்டுக்கு பீஸ் ஒஃப் கேக். லேயர் கேக் என்று இன்னொன்று இருக்கிறது. அது பொதியின் நெற்றியில் உள்ள முன்னுரிமைக் குறியைப் பார்த்து அடுக்குகளாகப் பிரிக்கும். விருந்தாளிகளின் போன்கள் ஒழுங்காகக் குறி போட்டு வரும் என்று நம்பி அடுக்குக் கட்டுவதில் பெரிய பயன் இல்லை. ஆள்வாரிப் பங்கீடே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். மேலதிக விருப்பங்களைத் திறந்து, உள்வரும் பக்கத்துக்கு நேட், டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட், இன்கிரெஸ் (nat dual-dsthost ingress). வெளிச்செல்லும் பக்கத்துக்கு நேட், டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட், ஆக்-ஃபில்டர் (nat dual-srchost ack-filter). டூயல் என்று தொடங்குபவைதான் ஆள்வாரிப் பங்கீடு. கடைசித் தாவலில் ஈதர்நெட்டைத் தெரிவுசெய்து, பொதிக்கு 44 பைட் மேற்சுமை என்று போடுங்கள்; கூடுதலாகப் போட்டால் சிறிது வேகம் போகும், குறைத்துப் போட்டால் வரிசை மறுபடியும் மோடத்துக்குள் போய்விடும். செம்புக் கம்பியில் இன்னும் ஏடிஎஸ்எல் வைத்திருப்பவர்கள் மட்டும் ஏடிஎம் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அங்கே தரவு செல் எனப்படும் 53 பைட் துண்டுகளாகப் போகும், ஒவ்வொன்றிலும் 48தான் சரக்கு.

ஆக்-ஃபில்டர் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 மெகாபிட்டில் டவுன்லோட் ஓடினால் 1,500 பைட் பொதிகள் செக்கனுக்கு 3,333 வரும். இரண்டுக்கு ஒன்று வீதம் கிடைத்தது என்று பதில் போனால் 1,667 பதில்கள். ஒன்று 52 பைட் என்றாலும் செக்கனுக்கு ஏறக்குறைய 700 கிலோபிட். 4 மெகாபிட் அப்லோடில் ஆறில் ஒரு பங்கு வெறும் தலையாட்டலுக்கே போகிறது. பின்னால் வந்த பதில் முன்னால் நிற்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது என்றால், முன்னதை வரிசையிலிருந்து எடுத்துவிடுவது இந்த விருப்பத்தின் வேலை. டவுன்லோடும் அப்லோடும் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் உள்ள லைனில் போடலாம். ஃபைபரில் தேவையில்லை, சும்மா சிபியுவைத் தின்னும்.

இனி வேக எண்களைத் தெரிவுசெய்வது. காலை ஆறு மணிக்கு டெஸ்ட் அடித்து, 45 மெகாபிட் வந்தது என்று அதைப் போட்டால் இரவில் கேக் தூங்கும். டவர் அப்போது 15தான் தருகிறது. கேக் 45க்குள் இருப்பதால் எதையும் நிறுத்தாது. வரிசை பழையபடி டவரிலும் மோடத்திலும். இரவு 8இலிருந்து 10 மணிக்குள் மூன்று நாள் அளந்து, மிகக் குறைந்ததை எடுத்து, டவுன்லோடுக்கு அதில் 85 வீதம், அப்லோடுக்கும் 85 வீதம் போடுங்கள். அப்லோட் 4,000 என்றால் 3,400. டேட்டா எண்ணி வாங்குகிறவர்கள் கவனிக்க: 40 மெகாபிட் லைனில் 15 செக்கன் டெஸ்ட் ஒன்றுக்கு 75 மெகாபைட் போகும்.

இப்படி நிலையான எண் போட்டால் இரவில் கோல் நன்றாக இருக்கும், ஆனால் காலையில் 45 தரும் லைனை 12க்குள் அடைத்து வைத்திருப்போம். கேக்கின் பெரிய குறை இதுதான். லைனின் வேகம் அதற்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். ஃபைபருக்கு ஒருமுறை சொன்னால் போதும். 4ஜிக்குப் போதாது. அலஸ்தோட்டத்திலிருந்து நிலாவெளி வரை சீசனில் ஒரே டவரில் எத்தனை விடுதிகள் தொங்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிவராத்திரி இரவில் கோணேசர் மலையடியில் கூடும் கூட்டத்தின் போன்களும் இப்படித்தான். கேக்குக்குள்ளேயே ஓட்டோரேட்-இன்கிரெஸ் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, கையேடும் அதைச் செல்லிடத் தொடர்புகளுக்கு உகந்தது என்கிறது. வரும் பொதிகளை வைத்து வேகத்தை ஊகிப்பது, டவுன்லோடுக்கு மட்டும். நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். நெரிசல் தொடங்கும் நேரத்தில்தான் ஊகம் பிசகும், அந்த நேரத்துக்குத்தான் கேக்கே வேண்டும்.

இதற்கு மாற்றாக வெளியே எழுதப்பட்டதுதான் கேக்-ஓட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட். வெளியே உள்ள சில முகவரிகளுக்கு ஓயாமல் பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் சிறு பொதி) அனுப்பி, தாமதம் ஏறினால் கேக்கின் எண்ணைக் குறைத்து, லைன் நிரம்பியும் தாமதம் ஏறாவிட்டால் மெல்லக் கூட்டும். திசைக்கு மூன்று எண் கொடுக்க வேண்டும்: குறைந்தது, வழமையானது, கூடியது. குறைந்ததை மிக உயரத்தில் வைத்துவிடுவதுதான் எல்லோரும் விடும் பிழை. லைன் 6 மெகாபிட்டுக்கு விழும்போது குறைந்தது 10 என்று இருந்தால் ஸ்கிரிப்ட் கைகட்டி நிற்கும். மிக மோசமான இரவில் கிடைத்த எண்ணைக் குறைந்ததாக வையுங்கள்.

செலவும் உண்டு. வந்தபடியே விட்டால் பிங் அனுப்பும் பிங்கர்கள் ஆறு, ஒவ்வொன்றும் 0.3 செக்கனுக்கு ஒன்று, ஆகச் செக்கனுக்கு 20 பிங். போக 84 பைட், வர 84 பைட் என்றால் செக்கனுக்கு 3,360 பைட். நாள் முழுதும் ஓடினால் 290 மெகாபைட். மாதத்துக்கு எட்டரை ஜிபிக்கு மேல். அளவு வைத்து விற்கும் பக்கேஜில் இது சின்னத் தொகையல்ல. லைன் சும்மா இருக்கும்போது பிங்கை நிறுத்தும் வசதி இருக்கிறது, அதை அணைத்துவிடாதீர்கள். பிங்கர்களை நான்காகக் குறைத்தாலும் வேலை நடக்கும். இன்னொன்று, இது பாஷ் என்ற கட்டளை மொழியில் எழுதப்பட்டது. பழைய ஒற்றைக் கோர் ரவுட்டரில் இதுவே சிபியுவைக் கணிசமாகத் தின்றுவிடும். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் வைத்திருப்பவர்களுக்கும் நிலையான எண் பயன்படாது. அங்கே 15 செக்கனுக்கு ஒருமுறை பாதை மாறும்.

கர்னல் பக்கத்தில் 2025இல் முன்வைக்கப்பட்ட மாற்றம் ஒன்றைப் பற்றியும் கேட்கிறார்கள். கேக்கின் ஒரு திசை முழுதும் ஒரே பூட்டின் கீழ், ஒரு நேரத்தில் ஒரே கோரில்தான் ஓடுகிறது. நான்கு கோர் ரவுட்டரிலும் வேக எல்லை ஒரு கோரின் எல்லைதான். முன்மொழிவு, நெட்வொர்க் அட்டையின் ஒவ்வொரு வன்பொருள் வரிசைக்கும் தனிக் கேக்கை வைத்து, வேலையில் இருக்கும் கேக்குகளுக்கிடையே மொத்த வேகத்தைப் பங்கிடுகிறது. மற்றவை வேலையில் உள்ளனவா என்று ஒவ்வொன்றும் இடைக்கிடை எட்டிப் பார்த்துக்கொள்ளும். ஜிகாபிட் கணக்கில் வேகத்தைக் கட்ட வேண்டிய இடங்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கேக்குக்கும் இணைப்புப் பட்டியல் தனித்தனி. ஒரு வரிசையில் பத்து இணைப்பும் மற்றதில் ஒன்றும் விழுந்தால் இரண்டு வரிசைக்கும் பாதிப் பாதி. அந்த ஒற்றை இணைப்பு பத்து பேரின் பங்கை வாரிக்கொள்ளும். ஆள்வாரிப் பங்கீடும் அந்தந்த வரிசைக்குள்தான் செல்லும். கெஸ்ட் ஹவுஸுக்கு வேண்டியது அந்தப் பங்கீடுதான் என்பதால், 100 மெகாபிட்டுக்குக் கீழே உள்ள லைனில் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கோரே போதும்.

டவுனுக்குள் உவர்மலை, லிங்கநகர்ப் பக்கம் ஃபைபர் எடுத்தவர்கள் முதலில் அளந்து பார்க்கட்டும். கணினியிலிருந்து ஒரு பிங்கை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் பெரிய வீடியோ ஒன்றை ஏற்றுங்கள். சும்மா இருக்கும்போது 10 மில்லிசெக்கன், ஏற்றும்போது 25 என்றால் கேக் வேண்டாம். ரவுட்டரை அதன் பாட்டில் விடலாம். 10 இருந்த இடத்தில் 200 என்றால் போடுங்கள். 4ஜியில் சும்மா இருக்கும்போதே 30, 40 இருக்கும். ஏற்றும்போது 500ஐத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம்.

கடற்கரை வீடுகளுக்கு இன்னும் ஒரு சங்கதி. வெளிச்சுவரில் பூட்டிய 4ஜி பெட்டியின் வயர் குத்தும் துளையில் உப்புக் காற்று படும். பின்களில் பச்சை பிடித்தால் லைன் 100 மெகாபிட்டிலிருந்து 10க்கு இறங்கி ஓடும், அல்லது அடிக்கடி விட்டுவிட்டு வரும். கேக்கில் எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் தீராது. ரவுட்டரின் முகப்புப் பக்கத்தில் வேன் துளையின் வேகத்தைப் பாருங்கள். 10 என்று காட்டினால் பிளக்கை வெட்டிப் புதிது அடித்து, துளையின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பிப் பூட்டுங்கள். கரண்ட் போய் வந்த பிறகு ஒருமுறை எஸ்க்யூஎம் எழுந்ததா என்றும் பாருங்கள். யூஎஸ்பி மோடம் பிந்தி எழுந்தால் கேக் ஒட்டிக்கொள்ள இன்டர்ஃபேஸ் இல்லாமல் போகலாம். கேக்கின் புள்ளிவிவரத்தில் அனுப்பியது என்ற எண் ஏற வேண்டும், நெரிசல் நேரத்தில் தட்டிவிட்டது என்ற எண்ணும் ஏற வேண்டும். இரவு ஒன்பது மணிக்கும் இரண்டாவது எண் பூச்சியமாகவே நின்றால், நீங்கள் போட்ட வேகம் கூடிப்போயிற்று. 500 கிலோபிட் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.